அளக்காத மூன்று மாதம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கிணறுகளை அளப்பது. திருவனந்தபுரத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் ஒரு திட்டத்துக்காகத் தொடங்கிய சின்ன அலுவலகம் அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பித்துத் தருவார்கள். நான் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மண்ணியல் படித்தவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று என் கணவரே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட சில வீட்டுக் கிணறுகளுக்குப் போக வேண்டும். இரும்பு டேப்பின் நுனியில் கொஞ்ச நீளத்துக்கு சாக்பீஸைத் தேய்த்து, கிணற்றுச் சுவரில் பெயின்டால் குறி போட்டிருக்கும் இடத்திலிருந்து உள்ளே இறக்குவோம். தண்ணீர் பட்ட இடத்தில் சாக்பீஸ் கறுத்திருக்கும். அதைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பத்து நிமிஷ வேலை. இருபது வருஷம் இப்படி விடாமல் எழுதினால்தான் மழை மாறுகிறதா, நாம் எடுப்பது கூடிப்போயிற்றா என்று ஊருக்குத் தெரியும் என்பார் எங்கள் மேலதிகாரி. மலையாளி. என்னிடம் மட்டும் தமிழ் கலந்து பேசுவார்.

"நம்பர் தெற்றினா எல்லாம் தெற்றும், கேட்டோ" என்று முதல் நாளே சொன்னார். தெற்றினால் என்றால் தப்பினால்.

கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் என் பொறுப்பு. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, வழியில் நாலைந்து இடத்தில் இறங்கி அளந்துகொண்டே போய், விழிஞ்ஞத்தில் முடிப்பேன். கடைசிக் கிணறு ஒரு மேட்டின் மேல் இருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வெட்டுக்கல் படிகள் செங்குத்தாக ஏறும். மேலே போய்ச் சேர்ந்தால் ஒரு ஓட்டுவீடு, முற்றம் நிறைய வெள்ளைத் துணி. அங்கே ஒரு அக்கா தனியாக இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். களியக்காவிளைப் பக்கத்துக்காரி. புருஷன் படகு வேலைக்கு என்று இங்கே கூட்டிவந்து, அவன் போன பிறகும் இவள் திரும்பிப் போகவில்லை. கோவளத்து லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து துவைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். அவள் கிணற்றை நம்பிச் சுற்றிலும் இன்னும் ஐந்தாறு வீடு இருந்தது.

நான் அளந்த எந்த வீட்டுக்காரரும் எண்ணைக் கேட்டதில்லை. இவள் கேட்பாள். டேப் மேலே வந்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள்.

"எம்பிடு காணுது?"

சொல்வேன். அந்த எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பிறகு தன் கயிற்றைக் காட்டுவாள். வாளி தண்ணீரைத் தொடும்போது கயிறு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. அநேகமாக என் எண்ணும் அவள் கயிறும் ஒத்துப்போகும்.

"நீ டேப்பு கொண்டுவாறதுக்கு முன்னயே எனக்குத் தெரியும் பிள்ளே" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் துலா மாதத்து, அதாவது ஐப்பசி மழை பொய்த்தது. தை பிறந்தபோதே கிணறுகள் வழக்கமாகப் பங்குனியில் நிற்கும் ஆழத்துக்குப் போயிருந்தன. அதே சமயத்தில் நான் பிள்ளையுண்டாகியிருந்தேன். அலுவலகத்தில் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவளைக் குழந்தை பிறந்த பிறகு திரும்பக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த ஆறு மாதத்துக்குக் கையெழுத்தாகும்வரை தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தளர்வான சட்டைபோலச் சேலைக்கு மேல் ஒரு கோட்டு போட்டுக்கொண்டு போவேன். களத்துக்குப் போகிறவள் வெயிலுக்குப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கும்ப மாதத்தில், அதாவது மாசியில், அந்தப் படிகளை ஏறிப்போய் டேப்பை எடுத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்காதான் பிடித்து உட்காரவைத்தாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"நாலு."

"வயித்துல பிள்ளையோட இந்தப் படியெல்லாம் ஏறுகியே. இனி நீ வரண்டாம். மாசாமாசம் நான் கயிறு போட்டு அளந்து வைக்கேன். பஸ்ஸுக்க பக்கத்துல வந்து நின்னா நான் இறங்கிவந்து சொல்லுகேன்."

"அது முடியாதுக்கா. டேப்பால அளந்தாதான் எழுதலாம். ரூல்."

தெளிந்ததும் எழுந்து டேப்பை விட்டு அளந்து எழுதினேன். ரூல் என்று சொன்னது நான். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஏனென்றால் அடுத்த மாதம் நான் போகவே இல்லை.

மீனத்தில், அதாவது பங்குனியில், தட்டையான சாலையோரம் இருந்த கிணறுகளை எல்லாம் ஒழுங்காக அளந்தேன். விழிஞ்ஞத்துக்கு மூன்று நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி, எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் பதிவேட்டை விரித்தேன். முந்தைய வருஷம் மாசிக்கும் பங்குனிக்கும் இடையில் அந்தக் கிணறு எவ்வளவு இறங்கியிருந்தது என்று பார்த்தேன். அதே அளவு இறக்கம், ஒரு சென்டிமீட்டர் கூட்டி. பார்த்தால் நிஜம்போல இருந்தது. மாமியார் உள்ளிருந்து, "என்னடி எழுதிண்டே இருக்கே, சாப்பிட வா" என்றார். எழுதி முடித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்று நினைவு.

சித்திரையான மேட மாதத்திலும் அப்படித்தான். வைகாசியான இடவத்திலும் அப்படித்தான். மூன்று எண்கள். இரண்டாவது முறை எழுதும்போது முதல் முறை இருந்த தயக்கம்கூட இல்லை.

மேடத்தில் எழுதிய பத்து நாளைக்குள் ஒரு ஃபைல் வந்தது. அந்த மேட்டுக்குக் கீழே கடலைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலுக்கு ஆழ்துளைக் கிணறுகள் போட வேண்டும். அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு பாதிப்பு வருமா என்று எங்கள் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மேட்டுக் கிணற்றின்ட ஆறு மாசத்து ரீடிங் ஒரு டேபிள் ஆக்கித் தா."

வெள்ளைத் தாளில் கோடு போட்டு எழுதினேன். நாலு உண்மை, இரண்டு பொய். கொடுக்கும் முன் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். 'நான் போய் மறுபடி அளந்துவிட்டு வருகிறேன் சார்' என்று அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நிஜ அளவு இதிலிருந்து அதிகம் விலகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த வேனல் வெயிலிலும் இது நல்லா பிடிச்சு நிக்குதல்லோ" என்றார். பாதிப்பு இராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை வரவேண்டிய நாள் வந்து போயிற்று. வானம் வெளுத்தே கிடந்தது. இடவம் முடியப்போகும் ஒரு பகலில் அந்த அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். துவைத்துத் தேய்த்த சேலை, கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக மேலதிகாரியின் மேசைக்குப் போனாள்.

"சாரே, எனக்க கெணத்துல வெள்ளம் இல்லை. கீழ ஹோட்டலுக்கு போர்வெல் போட்டப்பெறவு வாளி சேத்துலயாக்கும் இடிக்குது."

அவர் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார். பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்த மாசம்கூட வெள்ளம் உண்டல்லோ. வேனல்ல எல்லா வருஷமும் இறங்கும். இதுல பெரிய வித்தியாசம் ஒண்ணும் காணலியே."

அவள் பையிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"போர் போடுகதுக்கு முன்னயே கொறைஞ்சாச்சு சாரே. மாசிக்குப் பெறவு கயிறு எட்டாம ரெண்டு வட்டம் நான் துண்டு ஏச்சுக் கெட்டினேன். கெட்டின துண்டை அவுத்துக் கொண்டுவந்திருக்கேன். அளந்து பாருங்க."

நான் எழுதியது ஒரு சாண் இறக்கம். மேசையில் கிடந்தது இரண்டு ஆள் உயரம் இருக்கும்.

"அம்மா, கயிறு ரெக்கார்ட் ஆகுமா?" என்றார் அவர், பொறுமையாகவே. "எங்க ஆளு மாசாமாசம் வந்து டேப் வச்சு அளந்தது இது. இந்தக் குட்டிதான். நீங்க பார்த்தீங்கல்லே?"

அவள் திரும்பினாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கி என் வயிற்றில் நின்றது. ஏழாம் மாதம் முடியும் வயிறு, கோட்டுக்கு அடங்காமல் இருந்தது. அலுவலகத்துக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தாலும் கையெழுத்து இன்னும் ஆகவில்லை.

"வந்திச்சு" என்றாள். "நான் துணி குடுக்கப் போன நேரமாட்டு இருக்கும். நான் காணேல்ல. ஆனா வந்திருக்கும்."

"அப்போ பின்னே?"

அவள் கயிற்றைத் திரும்பச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். மழை வந்தால் சரியாகிவிடும் என்று அவர் ஆறுதல் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். என் மேசையைத் தாண்டிப் போகும்போது ஒரு விநாடி நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நான் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நான் அந்தப் படிகளை ஏறினேன். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். முற்றத்தில் துணி இல்லை. கொடிகள் வெறுமனே தொங்கின. அவள் வாசலில் நின்று நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு ஏறினே?"

"அக்கா, நான் வந்து..."

"அளந்துக்கோ" என்றாள். "இன்னைக்காவது அளந்துக்கோ."

டேப்பை விட்டேன். போய்க்கொண்டே இருந்தது. அடியில் எதிலோ தட்டித் தளர்ந்தது. மேலே இழுத்தால் நுனியில் சாம்பல் நிறச் சேறு, தண்ணீர் என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. அந்த ஆழத்தை அதே மாதத்தின் இரண்டாவது அளவாக எழுதினேன். அவள் அன்று பக்கத்தில் வரவும் இல்லை, எண்ணைக் கேட்கவும் இல்லை. நான் இறங்கும்போது மட்டும், "மெள்ளப் பாத்து இறங்கு" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

அந்த உண்மை எண்ணை மேலதிகாரி பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். கருத்துக் கடிதம் போய்விட்டிருந்தது, ஹோட்டலின் போர்வெல்கள் ஓடிக்கொண்டிருந்தன. "மழை கொஞ்சம் லேட்டாகுது, அதான்" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார். அப்போதும் நான் சொல்லவில்லை.

மழை பிந்தி வந்தது. கிணற்றில் தண்ணீரும் திரும்பியது. ஆனால் உப்பு. ஹோட்டல் கீழே இழுக்க இழுக்கக் கடல் உள்ளே நகர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, விரிப்புகள் மஞ்சளாயின, லாட்ஜுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னது. நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, ஆம், வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள், அந்த வீடு பூட்டிக் கிடந்தது. தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள் என்றார்கள்.

எங்கள் அக்ரஹாரத்து வீட்டில் கொல்லைக் கிணறு உண்டு. பகலில் யாராவது வாளியை விட்டால், கப்பி கிறீச்சிடும் சத்தத்துக்கும் வாளி தண்ணீரில் விழும் சத்தத்துக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் எனக்கு மூச்சு நின்றுவிடும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பேன், கை அப்படியே நிற்கும். 'தொப்' என்று கேட்ட பிறகுதான் நகரும். கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை விட்டேன். "என்ன இப்படிப் புதுசா ஒரு வழக்கம்" என்று மாமியார் கேட்டதற்குக் குழாய்த் தண்ணீர்தான் சுத்தம் என்று ஏதோ சொன்னேன்.

அந்தப் பூட்டிய வீட்டுக்கு மாதாமாதம் ஏறினேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறேன். கொட்டும் மழையில் ஏறியிருக்கிறேன். முற்றத்தில் புல் முளைத்து என் முழங்கால்வரை வந்தது. டேப்பை மேலே இழுக்கும்போது பின்னால் ஆள் வந்து நிற்பதுபோல இருக்கும், ஈரக் கையைத் துடைக்கும் சத்தம்கூடக் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்வேன். யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அளந்த எந்த எண்ணும் எனக்கு நினைவில்லை. அளக்காத அந்த மூன்றும் தசமத்தோடு நினைவிருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதற்கென்று ஒரு இளம் இன்ஜினீயர் வந்திருந்தார். பருவமழை மாறிவருவதைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், பழைய அளவுகளைச் சுத்தம் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார்.

"சேச்சி, விழிஞ்ஞம் மேட்டுக் கிணற்றுல இந்த ஒரு ரீடிங் எரர்தானே? பாருங்க, முந்தைய மூணு ரீடிங்கும் ஸ்மூத்தா வருது, பெட்டென்னு இது மட்டும் பாதாளத்துக்குப் போகுது. டேப் தப்பா வாசிச்சிருப்பீங்க. நான் இதை டிலீட் பண்ணிட்டேன்."

திரையில் ஒரு கோடு. அதில் என் மூன்று புள்ளிகளும் அழகாக, வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் ஏழு மாத வயிற்றோடு ஏறிப்போய் எழுதிய புள்ளி இருந்த இடம் காலியாக இருந்தது. அந்த வருஷத்து வறட்சி அந்தக் கோட்டில் நடக்கவே இல்லை. அவள் கிணறு வற்றவே இல்லை.

"நீங்க அழிச்ச ரீடிங்தான் சரி" என்றேன். "மத்த மூணும் தப்பு."

"அது எப்படி?"

"நான் போகாம எழுதினது. வீட்டுல உட்கார்ந்து எழுதினேன்."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்போ நீங்க சொல்லலைன்னா யாரும் அறியப்போறதில்லை" என்றார் தாழ்ந்த குரலில். எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கிறார் என்று புரிந்தது. நான் ஒரு தாள் வாங்கி, எந்தெந்த மாதம், என்னென்ன எண், அதை வைத்து என்ன கருத்துக் கடிதம் போயிற்று என்று முழுவதும் எழுதினேன். பழைய மேலதிகாரி ஓய்வுபெற்றுப் போயிருந்தார். புதியவர் ஒரு பெண். இரண்டுமுறை படித்தார்.

"எழுதிக் கொடுத்ததுக்கு நன்றி. ஆனா இனி உங்களைக் கிணறு அளக்க அனுப்ப முடியாது. புரியுமல்லோ" என்றார்.

புரிந்தது. மூன்று பொய்களையும் நீக்கி, அழித்த உண்மையைத் திரும்ப வைத்தார்கள். என்னை உள்ளே ஃபைல் வேலைக்குப் போட்டார்கள். ஹோட்டலுக்குக் கேள்வி கேட்டு ஒரு கடிதம் போயிற்று. அதற்குப் பதில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. போர்கள் ஓடின.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது, "இத்தனை வருஷம் எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றார். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைக்கு பஸ் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"பிள்ளை என்ன பிள்ளை?"

"பொண்ணு அக்கா. ஸ்கூல் போறா."

கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் உட்கார்ந்து எழுதியது, டேபிள் போட்டுக் கொடுத்தது, கடிதம், எல்லாம். கத்தி நிற்காமல் தோலைச் சீவிக்கொண்டே இருந்தது.

"நீ வரேல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஒவ்வொரு மாசமும் படியப் பாத்துட்டுல்லா இருந்தேன். அந்த ஆபீஸ்ல சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். ஒனக்க வயித்தப் பாத்தேன். சொன்னா ஒன்ன அங்கயே எறக்கி விட்டுருவான். வேற என்னத்தச் செய்ய?"

"என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்க வந்தேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"அதெல்லாம் மறந்தாச்சுன்னு நான் சொன்னா நீ சமாதானமாட்டுப் போவே. ஆனா அது பொய்யாக்கும். நான் மறக்கேல்ல பிள்ளே. அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க இப்பவும் கொடத்தத் தூக்கிட்டுப் பைப்படியில நிக்கிதாவ. அவங்ககிட்டயும் சொன்னியா?"

"இல்லை."

"சொல்லணும்."

கிழங்குத் துண்டுகளைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகப்போனவள் வாசலில் நின்று, திருவனந்தபுரம் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும், சாலையைக் கடந்து போ என்றாள். கடந்து போய் நின்றேன். மறு ஞாயிற்றுக்கிழமையே விழிஞ்ஞத்துக்குப் போய், மேட்டின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.